வண்டியின் பிரேக்கும் அமானிதமே

 

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்டார். கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்த செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. மதரஸாவில் ஓதும் நம் பிள்ளைகளும் இதை அறிவார்கள். இன்று நம் வாசல்களில் ஒட்டகம் இல்லை, கார் நிற்கிறது. பயண துஆவை ஓதித்தான் வண்டியை எடுக்கிறோம். அதற்கு முன் செய்ய வேண்டிய கட்டும் வேலையைச் செய்கிறோமா என்பதே இந்த மாதப் பாடம்.

முதலில் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம். நோயாளிகளை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நம் அறக்கட்டளை வேனில் சில மாதங்களுக்கு முன் ஒரு சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்தில் கீச்சென்று வரும். "பாய், பேடு தேய்ஞ்சிடுச்சு, மாத்திடணும்" என்று டிரைவர் எங்களிடம் மூன்று முறை சொன்னார். ரமளான் அரிசி விநியோகக் கணக்கு முடியட்டும் என்று நாங்கள் தள்ளிப் போட்டோம். மூன்றாவது வாரம், டயாலிசிஸ் முடிந்த ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது சாலையின் குறுக்கே ஆட்டு மந்தை வந்தது. வேன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. டிரைவர் மண் ஓரத்தில் இறக்கி, கியரைக் குறைத்து நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயம் இல்லை. கழற்றிப் பார்த்தால் பேடில் உராயும் பொருளே இல்லை. இரும்பும் இரும்பும் உரசி டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருந்தது. 1,500 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு டிஸ்க்கையும் சேர்த்து 6,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அது நீங்கள் கொடுத்த ஸதகா பணம். பணத்தைவிட, அந்தப் பெரியவரின் உயிர் எங்கள் கையில் இருந்த அமானிதம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு போகிறது. முன்னால் இரண்டு பேடுகள் சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வுகின்றன. பின்னால் இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தை அழுத்துகின்றன. வண்டியின் ஓட்டம் உராய்வினால் வெப்பமாக மாறி அடங்குகிறது. ஆகவே பேடும் ஷூவும் தேய்வது குறையல்ல. தேய்வதற்காகவே செய்யப்பட்டவை அவை. தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டுவதுதான் குறை.

தேய்மானத்தைக் காட்டும் அடையாளங்கள்

1. கீச்சென்ற சத்தம். பல பேடுகளில் சிறு உலோகத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பேடு மெலிந்ததும் அது டிஸ்க்கில் பட்டுச் சத்தமிடும். காலையில் ஈரத்தில் ஓரிரு முறை வந்து நின்றுவிடும் சத்தம் வேறு. நாள் முழுவதும் தொடர்ந்தால் அது எச்சரிக்கை.

2. கரகரவென்ற சத்தம். பேடு தீர்ந்து இரும்பு உரசுகிறது. அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரவழையுங்கள்.

3. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போவது, பஞ்சுபோல அமுங்குவது, இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிப்பது. ஆயில் கசிவோ, குழாயில் காற்றோ, பின் டிரம்மில் ஷூ தளர்வோ இருக்கலாம்.

4. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பது. ஒரு சக்கரத்தில் பிடிப்பும் மறு சக்கரத்தில் பிடிப்பின்மையும் இருக்கிறது என்று பொருள்.

5. பெடலோ ஸ்டியரிங்கோ துடிப்பது. டிஸ்க் ஒரே சீராகத் தேயவில்லை. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அவசரமாக மிதிக்கும்போது மட்டும் வரும் துடிப்பு இயல்பானது. அப்போது பயந்து காலை எடுக்காமல் அழுத்தியே பிடிக்க வேண்டும்.

6. டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் எரிந்தால் ஆயில் குறைந்திருக்கலாம். பேடு தேயத் தேய ஆயில் மட்டமும் சிறிது இறங்கும். ஆகவே ஆயிலை மட்டும் ஊற்றி விளக்கை அணைப்பது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போடுவது போன்றது.

2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கும். தேய்ந்த பேடுக்கு அது மருந்தல்ல.

வேகத்தின் கணக்கு

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் போய்விடும். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போவதற்குள் அந்தத் தூரம் கடந்துவிடுகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். அமாவாசை நாளில் மேல்மலையனூர் கூட்டம் செஞ்சி வழியாகப் போகும்போதும், திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் பேருந்துக்குப் பின்னால் செல்லும்போதும் இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

பராமரிப்பு

ஒவ்வொரு 10,000 கி.மீட்டருக்கும் சக்கரத்தைக் கழற்றி பேடையும் ஷூவையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள். புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். இடது சக்கரத்துக்கு மட்டும், வலது சக்கரத்துக்கு மட்டும் என்று மாற்றக் கூடாது, இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுப் பேடு போட்ட முதல் 200, 300 கி.மீ. வரை திடீர் பிரேக் இல்லாமல் நிதானமாக ஓட்டினால் அது டிஸ்க்கோடு நன்றாகப் படியும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 வகை ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையாவது தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறினால் அந்தத் தாங்கும் அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடும். அதற்கு மேல் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள்.

மலைப் பாதையில்

விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காடும் ஊட்டியும் போகிறோம். ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டி கல்லட்டிப் பாதையில் 36. கல்லட்டியில் இறங்கும் வண்டிகள் விபத்துக்குள்ளாவது தொடர்ந்ததால் வெளியூர் வாகனங்கள் அவ்வழியே இறங்கக் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள். சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயின் விபத்துச் செய்திகளையும் அடிக்கடி படிக்கிறோம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது அங்கே சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக் மீது கால் வைத்தபடியே இறங்கக் கூடாது. எஞ்சினை அணைத்து இறங்குவது மிக ஆபத்து. அணைத்த பின் ஓரிரு மிதிக்கு மேல் பிரேக்குக்குப் பூஸ்டரின் உதவி கிடைக்காது, பெடல் கல்லாகிவிடும். தீய்ந்த வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம்.

ஓடும்போதே பிரேக் பிடிக்காமல் போனால் பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். ஹாரன் அடியுங்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள்.

நிற்கும் வண்டிகளுக்கு

வளைகுடாவில் வேலை பார்க்கும் சகோதரர்களின் கார்கள் மாதக் கணக்கில் வாசலில் நிற்கின்றன. அவர் விடுப்பில் வந்திறங்கும் நாளில் ஆக்டிங் டிரைவரை வைத்து அதே வண்டியைச் சென்னை விமான நிலையத்துக்கு அனுப்புகிறோம். ஹேண்ட் பிரேக் போட்டபடி நீண்ட நாள் நின்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், துரு ஏறும். சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வாரம் ஒரு முறை தெருவைச் சுற்றி வரச் செய்யுங்கள். நெடும்பயணத்துக்கு முதல் நாளே பிரேக்கைச் சோதியுங்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது நம் மாவட்டத்தில் பல வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியின் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மழைநீரைக் கடந்து வந்தால் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்தினால் ஈரம் காயும்.

சகோதரர்களே! பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்று அறிந்திருக்கிறோம். பிரேக் பிடிக்காத நம் வண்டியே அப்படியொரு தொல்லையாகப் பாதையில் ஓடலாமா? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், ஆடு மேய்ப்பவரும், அண்டை வீட்டு மாற்று மதச் சகோதரரும் நம் பிரேக்கை நம்பித்தான் சாலையைக் கடக்கிறார்கள்.

இப்போது அறக்கட்டளை வேனில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். டிரைவர் குறை எழுதினால் மூன்று நாளுக்குள் சரி செய்ய வேண்டும், அதுவரை நோயாளிகளுக்கு வாடகை வண்டி பிடிக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்துள்ளோம். உங்கள் வீட்டு வண்டியை ஓட்டுபவர் மகனாக இருந்தாலும், கூலிக்கு வரும் டிரைவராக இருந்தாலும், "சத்தம் வருது" என்று சொன்னால் முதல் முறையிலேயே காது கொடுங்கள். மூன்றாவது முறைக்காக நாங்கள் காத்திருந்தது போல் நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

நம் பயணங்கள் அனைத்தையும் அல்லாஹ் ஸலாமத்தாக ஆக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.