வாதம் வென்ற பிறகும் நிற்கும் கேள்வி

அன்பு யாழினிக்கு,

பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கியதையும், மேலே மக்கள் தொடர்பு படிக்க நீ ஆசைப்படுவதையும் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். விண்ணப்பம் போடுமுன் ‘தேங்க் யூ ஃபார் ஸ்மோக்கிங்’ படத்தைப் பார். கிறிஸ்டோபர் பக்லியின் 1994 அங்கத நாவலை 2005-இல் ஜேசன் ரைட்மன் படமாக்கினார். வாஷிங்டனில் சிகரெட் கம்பெனிகளுக்காக வாதாடும் நிக் நெய்லரின் கதை. விழுந்து விழுந்து சிரிப்பாய். நிக்கை உனக்குப் பிடித்தும் போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மகனுக்கு அவன் வாதக்கலை சொல்லித்தரும் இடத்தைக் கவனி. பையன் சாக்லேட் ஐஸ்கிரீம் கட்சி, அப்பா வெனிலா கட்சி. வெனிலாதான் சிறந்தது என்று நிறுவ நிக் முயல்வதே இல்லை. விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறான். பேச்சு அதைப் பற்றி இல்லையே என்கிறான் பையன். நீ சொல்வது தப்பு என்று காட்டினால் போதும், என் குறி நீ அல்ல, கேட்டுக்கொண்டிருப்பவர்கள் என்று விளக்குகிறான் அப்பா. சிகரெட் பெட்டியில் மண்டையோட்டுப் படம் போட வேண்டும் என்று வெர்மான்ட் செனட்டர் கேட்கும்போதும் இதே வித்தைதான்: உங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டியிலும் போடுங்களேன், கொழுப்பும் கொல்கிறதே என்கிறான். சபையே திணறுகிறது. புகையிலை கொல்வதற்கு என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் தொடப்படாமல் நிற்கிறது.

இது கற்பனை இல்லை, யாழினி. 1953-இல், சிகரெட் தார் தடவப்பட்ட சுண்டெலிகளுக்குப் புற்றுநோய் வந்ததை ஆய்வாளர்கள் காட்டினார்கள். கம்பெனித் தலைவர்கள் மக்கள் தொடர்பு நிறுவனமான ஹில் அண்ட் நோல்ட்டனை அழைத்தார்கள். 1954 ஜனவரி 4 அன்று 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. உங்கள் உடல்நலமே எங்களுக்கு முதன்மை, ஆனால் இன்னும் ஆதாரம் போதாது, ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். எவ்வளவு பணிவான பொய்! தாங்கள் விற்கும் சரக்கே சந்தேகம்தான் என்று 1969-இல் ஒரு சிகரெட் கம்பெனியின் உள்குறிப்பு ஒளிவுமறைவின்றிச் சொன்னது. 1994-இல் ஏழு கம்பெனித் தலைவர்கள், நிகோடின் அடிமைப்படுத்தாது என்பதே தங்கள் நம்பிக்கை என அமெரிக்கக் காங்கிரஸில் சத்தியப் பிரமாணம் செய்து சொன்னார்கள். அந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் இழவு விழுந்திருக்கும்!

படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. நிக்கை அது கொஞ்சம் அதிகமாகவே நேசிக்கிறது. பாத்திரங்களில் ஒருவரும் புகைப்பதைக் காட்டாமல் பேச்சின் மீதே கேமராவை வைத்தது அருமையான யோசனைதான். ஆனால் நோயாளிகளும் பெரும்பாலும் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். மனதில் நிற்பவர் ஒருவர்: ஒருகாலத்தில் சிகரெட் விளம்பரத்தில் கவ்பாயாக நின்று, இப்போது புற்றுநோயில் சாகக் கிடப்பவர். அவர் வாயை மூட நிக் பெட்டி நிறையப் பணம் கொண்டுபோகிறான். அவர் வாங்கிக்கொள்கிறார். அந்தக் காட்சியை இரண்டு முறை பார்.

நீ இந்தத் தொழிலுக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசிக்காகவும் பேச ஆள் வேண்டும், தண்ணீருக்காகவும் வேண்டும். ஆனால் வேலைக்குக் கூப்பிடுபவர்களிடம் சம்பளத்தைக் கேட்குமுன், உள்ளே உங்களுக்குத் தெரிந்தது என்ன, வெளியே என்னைச் சொல்லச் சொல்வது என்ன என்று கேள். சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்களைச் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. லீவு முடிவதற்குள் கொஞ்சமாவது படித்துவிட்டு எனக்கு எழுது. விண்ணப்பக் கட்டணத்தை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா