வரைபடத்தின் மேல் ஒரு முத்திரை

வண்டி ஓட்ட உரிமம் வேண்டும். வைத்தியம் பார்க்கப் பதிவு வேண்டும். பாலத்துக்கும் மாடிக்கும் வரைபடம் தருகின்ற பொறியாளருக்கும் அமெரிக்காவில் மாநில அரசின் உரிமம் வேண்டும். பட்டம் மட்டும் போதாது. தேர்வுகள் எழுதி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அனுபவமும் பெற்ற பின்னரே தம் பெயர் பொறித்த முத்திரையை அவர் வரைபடத்தில் இடலாம். அம்முத்திரையின் பொருளை மிசூரி மாநிலத்து ஓட்டல் ஒன்றின் கதை நமக்கு உணர்த்துகிறது.

கான்சாஸ் சிட்டி நகரில் ஹயாத் ரீஜென்ஸி ஓட்டல் 1980இல் திறக்கப்பட்டது. அதன் பெரிய கூடத்தில் நடைபாலங்கள் அந்தரத்தில் தொங்கின. நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். 1981 ஜூலை 17 மாலை, கீழே நடன விழா நடந்துகொண்டிருந்தபோது அவ்விரு பாலங்களும் இடிந்து கூட்டத்தின் மீது வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

காரணம், பௌதிகம் படிக்கும் நமக்கு எளிதில் விளங்கும். பாட்டி வீட்டு உறியை நினைத்துக்கொள்வோம். உத்தரத்திலிருந்து ஒரே கயிறு. அதில் மேலும் கீழுமாக இரண்டு பலகைகள், அவற்றின் மேல் பானைகள். ஒவ்வொரு பலகைக்கும் அடியில் ஒரு முடிச்சு. மேல் முடிச்சு மேல் பானையை மட்டுமே தாங்குகிறது. கீழ்ப் பலகையைத் தனிக் கயிற்றால் மேல் பலகையில் கட்டிவிட்டாலோ? மேல் முடிச்சின் தலையில் இரண்டு பானைகளும் ஏறிவிடுகின்றன!

அங்கே நடந்ததும் இதுவே. முதலில் வரைந்தபடி, கூரையிலிருந்து வந்த ஒரே இரும்புக் கம்பி இரு பாலங்களையும் தாங்கவேண்டும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது தொல்லை என்று, இரும்பு வேலை செய்த நிறுவனம் அதை இரண்டு கம்பிகளாக மாற்றியது. நான்காம் மாடிப் பாலத்தின் அடியிலிருந்த நட்டின் மீது இருமடங்கு சுமை விழுந்தது. முதல் வடிவமே நகர விதி கேட்ட பலத்தில் 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது என அரசு ஆய்வில் தெரிந்தது. 1979இல், கட்டும்போதே, கூடத்தின் கூரையில் ஒரு பகுதி விழுந்திருந்தது. அப்போதாவது ஒவ்வோர் இணைப்பையும் கணக்கிட்டுப் பார்த்திருக்கலாமே என்று நமக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாற்றிய வரைபடம் பொறியாளர் அலுவலகத்துக்குச் சென்று, முத்திரை பெற்றே திரும்பியது. இணைப்புகளைக் கணக்கிடுவது இரும்பு நிறுவனத்தின் வேலை என்று பின்னர் அவர்கள் வாதாடினர். விசாரித்த நீதிபதி 1985இல் அதனை ஏற்கவில்லை. வேலையைப் பிறரிடம் கொடுத்திருந்தாலும் முத்திரை இட்டவரே பொறுப்பாளி என்றார். இரு பொறியாளர்கள் மிசூரியில் உரிமம் இழந்தனர். சிறைக்கு ஒருவரும் செல்லவில்லை.

114 உயிர்களுக்கு இதுதானா தண்டனை என்று எங்களுள் பலர் கேட்டோம். உரிமம் இழந்தவர் இன்னொரு கட்டடத்துக்கு முத்திரை இட முடியாது, சிறையைவிட அதுவே மக்களுக்குப் பாதுகாப்பு என்றனர் மற்றவர்கள். இன்னும் எங்களுக்குள் ஒரு முடிவு ஏற்படவில்லை.

கூடத்தைத் திருத்திக் கட்டியபோது இரண்டாம் மாடியில் ஒரே பாலம் அமைத்தார்கள். அது தொங்கவில்லை, தரையிலிருந்து எழுந்த தூண்களின் மேல் நின்றது.