போத்தலைத் திறக்குமுன் யன்னலைத் திற

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய அளவுகளைப் பார்த்தேன். காலையில் விளக்குப் போடுமுன் பிஎச் 7.75, மாலையில் 7.95. காரத்தன்மை 8.4 டிகேஎச், கல்சியம் 420. பிஎச்சை 8.3க்கு ஏற்ற எந்தப் போத்தலை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் வாங்காதே. உன் தண்ணீரில் குறை இல்லை. முருகைத் தொட்டி வைத்திருக்கும் அறையின் காற்றில்தான் குறை.

கடல்நீரின் பிஎச்சை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன: நீரின் காரத்தன்மை, அதில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு. உன் காரத்தன்மை இயற்கைக் கடலில் உள்ளதைவிடச் சற்றுக் கூட, ஆகவே அதைப் பழி சொல்ல முடியாது. மிஞ்சுவது காபனீரொட்சைட்டு. இன்றைய திறந்த வெளிக் காற்றில் அது பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு. மலைநாட்டுக் குளிருக்குக் கதவு யன்னல் எல்லாம் அடைத்து, நாலு பேர் படுத்துறங்கும் வீட்டில் விடியும்போது அது 1000ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் உன் கண்டி மஹய்யாவயில் கேட்கவே வேண்டாம். காற்றில் அந்த வாயு இரட்டித்தால், காரத்தன்மை மாறாமலே பிஎச் 0.25 முதல் 0.3 வரை இறங்கும். அதோடு இரவில் ஒளித்தொகுப்பு நின்றுபோகிறது; மீனும் முருகையும் பாசியும் சுவாசித்துக்கொண்டே இருக்கின்றன. உன் காலை அளவு தாழ்ந்திருப்பதற்கு இவ்வளவுதான் காரணம்.

1991 செப்டெம்பரில் அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகள் அடைபட்டு வாழப் போனார்கள். உள்ளே காடு, வயல், உயிருள்ள முருகைகளோடு ஒரு சிறு கடல். வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் விட்ட மூச்சால் காபனீரொட்சைட்டு வெளியில் இருந்ததைப்போல் பல மடங்கு ஏறியது. கடலின் பிஎச் இறங்கியது. இருகாபனேற்றும் காபனேற்றும் போட்டுப் போட்டுத்தான் அந்தக் கடலைத் தாங்கிப் பிடித்தார்கள். பிற்பாடு அதே கடலில் கிறிஸ் லாங்டனும் குழுவினரும் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது: நீரின் காபனேற்று நிறைவு குறைந்தால் முருகைகள் கல் கட்டும் வேகமும் குறைகிறது. ஆகவே நீ பிஎச்சைப் பற்றிக் கவலைப்படுவது வீண் கவலை அல்ல. ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் யன்னலைத் திறக்க வழியில்லை. உனக்கு இருக்கிறது.

பிஎச் ஏற்றி என்று கடையில் விற்கும் தூள்கள் பெரும்பாலும் சோடியம் காபனேற்றும் இருகாபனேற்றும்தான். அவை காரத்தன்மையைக் கூட்டும். பிஎச் சில மணி நேரம் ஏறி நிற்கும். அறைக் காற்று அதை மறுபடி இழுத்து இறக்கிவிடும். மறுநாள் நீ மறுபடி போடுவாய். ஒரு மாதத்தில் காரத்தன்மை 13க்குப் போய், கல்சியம் வெள்ளையாகப் படிந்து, முருகையின் நுனிகள் வெந்துபோகும். பிஎச் 7.8இல் நிற்பதால் எந்த முருகையும் சாவதில்லை. காரத்தன்மை இப்படி ஏறி இறங்கினால் சாகும்.

முதலில் மீற்றரை 7, 10 கரைசல்களில் சரிபார். பிறகு தொட்டியிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்து அளந்து, வெளித் திண்ணையில் வைத்து, ஏர் பம்பால் ஒரு மணி நேரம் குமிழி விட்டு மறுபடி அள. ஏறினால் நான் சொன்னது சரி. அசையாவிட்டால் காரத்தன்மையை அளந்த மருந்துகள் பழசாகிவிட்டனவா என்று பார்.

ஏறும் என்றுதான் நம்புகிறேன். தண்ணீரில் குமிழி விட்டு அழுக்கெடுக்கும் ஸ்கிம்மரின் காற்றிழுக்கும் குழாயை நீட்டி யன்னல் வழியாக வெளியே விடு. குழாய் அகலமாகவும் இயன்றவரை கட்டையாகவும் இருக்கட்டும். வாயில் வலை கட்டு, மழை இறங்காமல் கீழ்நோக்கி வளைத்து வை. கட்டுகஸ்தோட்டை வீதிப் பக்கம் மட்டும் விடாதே. சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கும் கண்டியில் வாகனப் புகை எளிதில் கலையாது. அது உன் தொட்டிக்குள் போகவேண்டாம். வீட்டின் பின்பக்கம், அடுப்படிப் புகையும் நுளம்புத்திரிப் புகையும் எட்டாத உயரம் பார்த்து வை. பகலில் இரண்டு பக்க யன்னல்களையும் திறந்துவைக்கச் சொல்லி அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல். தொட்டியின் மேல் மூடும் கண்ணாடியை எடுத்துவிட்டு வலை போடு.

தொட்டியின் கீழுள்ள துணைத் தொட்டியில், அதுதான் சம்பில், இடமிருந்தால் கீட்டோ பாசி வளர்த்து, பெரிய விளக்கு அணைந்த பிறகு அதற்கு விளக்குப் போடு. இரவுச் சரிவு குறையும்.

இவ்வளவும் செய்து இன்னும் ஏற்ற வேண்டுமானால் சுண்ணாம்புத் தண்ணீர். கல்சியம் ஐதரொட்சைட்டு காபனீரொட்சைட்டைப் பிடித்து இருகாபனேற்றாக்கும்; கல்சியத்தையும் காரத்தன்மையையும் முருகை கல் கட்டும் அதே விகிதத்தில் கொடுக்கும். சுத்தமான ஆர்ஓ தண்ணீர் ஒரு லீற்றருக்கு 1.5 கிராம் போட்டுக் கலக்கி, தெளிய விட்டு, தெளிவை மட்டும் எடு. ஆவியாகிப்போகும் தண்ணீருக்கு ஈடாக, இரவில் மட்டும், சொட்டுச் சொட்டாக விடு. அதன் பிஎச் 12க்கு மேல். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை போடாமல் தொடாதே. மொத்தமாக ஊற்றினால் தொட்டி பாலாக வெளுத்துவிடும், அதற்குப் பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பு வேண்டாம். திகன, மாத்தளைப் பக்கச் சூளைகளில் சுடுவதில் தொலமைற்று கலந்திருக்கும். மகனீசியம் சேர்ந்து வரும். தென்கரையில் முன்பு முருகைக்கல்லைத்தான் தோண்டிச் சுட்டார்கள். அதன் விலை 2004 சுனாமியன்று தெரிந்தது. பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவயில் அலை 2 முதல் 3 மீற்றர், உள்ளே வந்தது சுமார் 50 மீற்றர். அங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, முருகைக்கல் தோண்டப்பட்டிருந்த பெரலியவில் 10 மீற்றர் அலை ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே ஏறி, பயணிகள் ரயிலையே புரட்டிப் போட்டது.

அதனால்தான் நீ கேட்ட இன்னொன்றுக்கும் முடியாது என்கிறேன். நிலாவெளியிலிருந்து உயிருள்ள கல் ஒரு துண்டுகூட அனுப்பமாட்டேன். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. கடலிலிருந்து முருகையை உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அனுப்பமாட்டேன். 1998இல் நம் கடல்களில் முருகைகள் வெளுத்து மாண்டன. மிச்சமிருக்கிறவை அங்கேயே இருக்கட்டும்.

கோப்பைச் சோதனையைச் செய்து, குமிழி விடுமுன்பும் விட்ட பின்பும் வந்த பிஎச் இரண்டையும் எழுதி அனுப்பு. அதுவரை தொட்டியில் எதையும் போடாதே.

அன்புடன்,
மாமா
திருகோணமலை