அசைபோடுதலும் விரிகுளம்பும்

வேதாகமத்தை ஆதியாகமம் முதலாக முறையே வாசிக்கப் புகுவோரிற் பலர், லேவியராகமம் பதினோராம் அதிகாரத்தை எட்டியதும் ஏடுகளை விரைந்து புரட்டிவிடுவர். உண்ணத் தக்கன இவை, தகாதன இவை என நீளும் அப்பட்டியலாற் புதிய ஏற்பாட்டினராகிய நமக்கு ஆவது என்னை என்பது அவர் கருத்து. யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன்.

நிலத்து விலங்குகளுக்கு மோசே வகுத்த அடையாளம் இரண்டே. விரிகுளம்பு உடையதாதல் வேண்டும், அசைபோடுவதாதலும் வேண்டும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரண்டும் உண்டு. ஒட்டகம் அசைபோடும், விரிகுளம்பு இல்லை. பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கும், அசைபோடாது. ஒன்றிருந்து மற்றொன்று இல்லாத இத்தகையவற்றையே நியாயப்பிரமாணம் பெயர் சொல்லி விலக்குகின்றது.

தமிழிலோ அசைபோடுதல் என்னும் சொல், தின்றதை மீண்டும் மெல்லுதலையும் கேட்டதை மீண்டும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். நன்னூலார் தலைமாணாக்கருக்குப் பசுவை உவமை கூறியதும் இதுபற்றியே. உழவரால் பெயர் பெற்ற உழவர்கரை இன்று நகராகிவிட்டது. ஆயினும் தெருவோரத்தே கண்மூடிப் படுத்து அசைபோடும் பசுவைக் காண நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. தேர்வுக்கு முந்திய இரவில் மேயத் தொடங்கும் எம்போல்வார் அதனைக் கண்டு நாணுவதே முறை!

அசைபோடுதல் நினைவையும், பிளந்த குளம்பு நன்றுந் தீதும் பிரித்தறிந்து நடத்தலையும் குறிக்கும் என்று கிறிஸ்துவுக்கு முன்னரே யூத அறிஞர் பொருள் கண்டனர். பன்றியோ படுக்கும்போது குளம்பை முன்னே நீட்டித் தன்னைச் சுத்தமுள்ளதாகக் காட்டிக்கொள்ளும் என்று பிற்காலத்து ரபிமார் நகையாடினர். ஆலயத்தில் நம்மவர் சிலர் இருக்கும் இருக்கை அதனை நினைப்பூட்டாமற் போகாது. நோய்க்கு அஞ்சியே மோசே பன்றியை விலக்கினார் என்போரும் உளர். அதிகாரத்தின் இறுதியிற் கூறப்படும் காரணம் நோயன்று. தேவன் பரிசுத்தராகையால் அவர் ஜனமும் பரிசுத்தமாதல் வேண்டும் என்பதே.

ஆயின், உணவைப் பிரித்த விதி காலப்போக்கில் மனிதரையும் பிரித்தது. யோப்பாவில் மேல்வீட்டின்மேல் பசித்திருந்த பேதுருவுக்கு வானத்தினின்று இறங்கிய துப்பட்டி காட்டப்பட்டது. அதன் பொருள், எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் எனல் ஆகாது என்பதே எனக் கொர்நேலியுவின் வீட்டில் அவரே உரைத்தார்.

இதனைக் கற்ற நம் நாட்டுத் திருச்சபை செய்தது யாது? புதுவைக் கோவிலுள் கிறிஸ்தவரைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவரையும், 1745-ல் அஃது அகற்றப்பட்டதையும் ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். மதுரையில் அமெரிக்க மிஷனார் 1847-ல், தம் ஊழியர் சாதியை விட்டமைக்கு அடையாளமாக, யாவரோடும் ஒருங்கிருந்து உண்ணல் வேண்டும் என விதித்தனர். உபதேசியார் பலர் வேலையை இழந்தனர்; உண்ண இசைந்திலர். உவர்ப்பான செய்திதான். பிழைப்பைப் பணயம் வைத்து அழைப்பதை அன்பின் விருந்து எனலாமோ என்னும் ஐயமும் எனக்கு உண்டு. எனினும், அருகிருந்து உண்ண மறுக்கப்பட்ட எளிய சகோதரனுக்கு அவ்விதி எத்துணை ஆறுதலாய் இருந்திருக்கும்!

அவ்வுபதேசியாரை இகழுமுன் பேதுருவை நினைத்தல் தகும். தரிசனங் கண்ட அவரே பின்னர் அந்தியோகியாவில், யாக்கோபினிடமிருந்து சிலர் வந்தவுடன், புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகினார். பவுல் முகமுகமாய் எதிர்த்தார். அன்று பந்தியில் எஞ்சியிருந்த புறஜாதியார் யாது நினைத்தனர் என்பதைக் கலாத்தியர் நிருபம் கூறவில்லை.