ஓடுகிற மாதிரியைச் செய், தாயி

உத்தமபாளையம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கோவை கொடிசியா வளாகத்தில் இயந்திரக் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்ததைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். உங்கள் பெரியம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாள். ஆனால் கடைசிப் பக்கத்தில், "அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த பிறகு, கல்லூரிக் கண்காட்சிக்கு நாங்கள் செய்துகொண்டிருக்கும் லோயர்கேம்ப் நீர்மின் பவர்ஹவுஸ் மாதிரி வெறும் பொம்மையாகத் தெரிகிறது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதாம், வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வாங்க வேண்டாம், தாயி. ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படி.

முதலில், கண்காட்சியைப் பார்ப்பதற்கே ஒரு முறை இருக்கிறது. கோவைச் சிறுதொழில்காரர்கள் 1969இல் சேர்ந்து தொடங்கிய சங்கம் கொடிசியா. அவர்கள் நடத்தும் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பை நிறைய கேட்லாக் வாங்கிக்கொண்டு, கால் வலியோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். நீயும் அப்படித்தான் வந்திருக்கிறாய் என்று உன் கடிதமே சொல்கிறது. அடுத்த முறை போகும்போது முதல் சுற்றில் எங்கேயும் நிற்காதே. எந்த ஸ்டாலில் மூடியைக் கழற்றி உள்ளே காட்டி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள். இரண்டாம் சுற்றில் அந்த ஸ்டால்களுக்கு மட்டும் போ. முன்னால் நிற்பவர் விலையும் தள்ளுபடியும் சொல்வார், பாவம், அது அவர் வேலை. பின்னால் ஒரு சர்வீஸ் ஆள் உட்கார்ந்திருப்பார். மதியம் கூட்டம் கலைகிற நேரத்தில் அவரிடம் போ. இதில் முதலில் தேய்வது எது, தேய்ந்தால் யார் கழற்றி மாட்டுவார்கள், அந்தப் பாகம் தேனியில் கிடைக்குமா என்று கேள். இந்த மூன்றுக்கும் அவர் சொல்லும் பதில் எந்தக் கேட்லாக்கிலும் இருக்காது.

கோவைக் கண்காட்சி ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பம்ப் ஸ்டாலில் நீர்மூழ்கி பம்பை நெடுக்குவாட்டில் அறுத்து நிறுத்தியிருந்தார்கள். கீழே மோட்டார், அதற்கு மேலே ஷாஃப்டில் வரிசையாக இம்பெல்லர்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பவுல். ஒரு இம்பெல்லரும் ஒரு பவுலும் சேர்ந்தது ஒரு ஸ்டேஜ். ஒவ்வொரு ஸ்டேஜும் தன் பங்குக்குத் தண்ணீரைக் கொஞ்ச உயரம் ஏற்றி மேலே இருப்பதன் கையில் கொடுக்கிறது. போர் ஆழமாக ஆழமாக ஸ்டேஜ் ஏன் கூடுகிறது என்பதை அந்த அறுத்த பம்பைப் பார்த்தாலே சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். கூட்டத்தில் நம் பக்கத்துக்காரர் ஒருவர் நின்றார், பேச்சிலேயே தெரிந்தது. "தம்பி, மணல் வந்தா இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார். முன்னால் நின்ற பையன் வாரண்டி பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். உள்ளேயிருந்த சர்வீஸ் ஆள் எழுந்து வந்து, மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு இம்பெல்லர்களை எடுத்து அவர் கையில் வைத்தார். ஒன்று புதுசு. இன்னொன்று மணல் தின்றது. விளிம்பு விரலைக் கிழிக்கும் அளவுக்கு மெலிந்திருந்தது. "இந்த விளிம்புக்கும் பவுலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கூடிவிட்டால், ஏறிய தண்ணீர் அந்த வழியாகவே திரும்பிக் கீழே வந்துவிடும். மோட்டார் ஓடும், கரண்டும் போகும், குழாயில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும்" என்றார். அந்த விவசாயி இரண்டு விளிம்பையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். அந்த முழு அரங்கில் அன்று நடந்த உருப்படியான உரையாடல் அதுதான் என்பேன். கேட்கத் தெரிந்த ஒருவரும், மறைக்காமல் காட்டத் தெரிந்த ஒருவரும் சந்தித்துக்கொண்டார்கள்.

இப்போது உன் மாதிரிக்கு வருகிறேன். மாதிரி என்பது குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதே. திருவள்ளூர் பக்கம் பூண்டியில் 1944 முதல் நம் அரசின் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அணையின் மதகையும் வழிந்தோடியையும் சிறிதாகக் கட்டி, அதில் தண்ணீரை விட்டு, எங்கே அரிக்கிறது, எங்கே சுழல்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. அதற்கும் கணக்கு உண்டு. நீளத்தை 25இல் ஒரு பங்காகக் குறைத்தால், தண்ணீரின் வேகம் 5இல் ஒரு பங்காகத்தான் குறையும். விநாடிக்கு ஓடும் அளவோ 3,125இல் ஒரு பங்காகிவிடும். நீளத்தை நாம் குறைக்கலாம், பூமியின் இழுவிசையைக் குறைக்க முடியாதே! இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் சின்னத் தொட்டியில் அளந்ததை வைத்துப் பெரிய அணையைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தத் தொட்டியைப் பொம்மை என்று யாராவது சொல்வார்களா? அதில் உண்மையான தண்ணீர் ஓடுகிறது, உண்மையான அளவு கிடைக்கிறது. அதனால் அது கருவி.

நம் ஊர்ப் பக்கம் கண்காட்சிகளில் லோயர்கேம்ப் மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறேன். தெர்மோகோலில் மலை, பச்சை மரத்தூள், மலைச்சரிவில் பென்ஸ்டாக் குழாய்க்கு ஸ்ட்ரா, அடியில் எல்.இ.டி. பல்ப். பிள்ளை சுவிட்சைப் போட்டதும் பல்ப் எரியும். துணியைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் பேட்டரி. தண்ணீரால் எரிகிறது என்று சொல்லிவிட்டுப் பேட்டரியால் எரிய வைப்பது பொய். சின்ன வயதில் பாராட்டு வாங்கிய பொய் பெரிய வயதில் வேலையிலும் வந்து நிற்கும். கடையில் வாங்கும் மாதிரியும் அந்த ரகம்தான். எந்தக் கேள்விக்கும் உன்னால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் எந்தக் கஷ்டத்தையும் நீ பட்டிருக்க மாட்டாய்.

அதனால் மலை வேண்டாம், மரத்தூள் வேண்டாம். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டேங்க் இருக்கிறது. தரையிலிருந்து 6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு அங்குலக் குழாயை நேராக முற்றத்துக்கு இறக்கு. எவ்வளவுக்கெவ்வளவு வளைவு குறைவோ அவ்வளவு நல்லது. முனையில் 8 மில்லிமீட்டர் துளையுள்ள பித்தளை மூக்கு ஒன்றை லேத்தில் கடைந்து மாட்டு. 6 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விநாடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும். அளவு, விநாடிக்கு அரை லிட்டர். அந்தத் தாரையில் இருக்கும் சக்தி சுமார் 29 வாட்.

அதற்கு நேராக ஒரு பெல்ட்டன் சக்கரம். நீலகிரியில் 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தில் இருப்பதும் இந்த வகைதான். 20 சென்டிமீட்டர் தகட்டின் விளிம்பில் பழைய எவர்சில்வர் கரண்டிகளின் குழிவுகளை வெட்டி, சம இடைவெளியில் திருகிக்கொள். சக்கரத்தின் விளிம்பு, தாரையின் வேகத்தில் பாதி வேகத்துக்கு ஓடும்போதுதான் அதிகச் சக்தி கிடைக்கும். உன் அளவுக்கு அது நிமிடத்துக்கு 500 சுற்றை ஒட்டி வரும். பழைய இரும்புக் கடையில் ஒரு சைக்கிள் டைனமோ வாங்கி, அதன் உருளையைச் சக்கரத்தோடு உரசவிடு. அது 6 வோல்ட், 3 வாட் டைனமோ. அதன் பல்ப் உன் வீட்டுத் தண்ணீரால் எரிந்தால், அதுதான் நீ செய்த பவர்ஹவுஸ்.

முதல் நாள் எரியாது. நூல் போலச் சிவந்து அணையும். அங்கிருந்துதான் உன் படிப்பு தொடங்குகிறது. 29 வாட்டில் மிச்சமெல்லாம் எங்கே போனது? குழாயின் வளைவில் கொஞ்சம், கரண்டியிலிருந்து சிதறும் நீரில் கொஞ்சம், பேரிங்கில் கொஞ்சம், உருளை வழுக்குவதில் கொஞ்சம். ஒவ்வொரு நஷ்டத்தையும் தனித்தனியாகப் பிடித்து அள. மூக்கின் கோணத்தை மாற்றிப் பார், கரண்டியின் எண்ணிக்கையை மாற்றிப் பார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எல்லாவற்றையும் நோட்டில் எழுது. அரை மணி நேரத்தில் டேங்க் காலியாகிவிடும். 1,000 லிட்டர் தண்ணீரைச் செலவழித்து ஒரு சின்ன பல்பை அரை மணி நேரம் எரித்திருப்பாய். லோயர்கேம்புக்குத் தண்ணீர் ஏன் அத்தனை உயரத்திலிருந்து விழ வேண்டும், நான்கு மின்னாக்கிகளும் ஓட ஏன் அத்தனை கன அடி வேண்டும், பெரியாறு அணையில் நீர்மட்டம் குறைந்தால் கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை நெல் போட்டவர்கள் ஏன் கவலைப்படுகிறார்கள் என்பதெல்லாம் அன்றைக்கு உனக்குக் கணக்காகவே விளங்கும். தண்ணீரை வீணாக்காதே, முற்றத்தில் தொட்டி வைத்துப் பிடித்துத் திரும்ப மேலே ஏற்றிவிடு.

இனி ஸ்டாலில் எதை வாங்கலாம் என்பது. லண்டனில் 1898இல் 'மாடல் இன்ஜினியர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதன் பெயரிலேயே 1907இல் ஒரு கண்காட்சியும் நடத்தினார்கள். வீட்டுக் கொட்டகையில் லேத் வைத்துக்கொண்டு, உண்மையான நீராவியில் ஓடும் சின்ன என்ஜின்களைச் செய்கிறவர்கள் அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த மாதிரிக் கண்காட்சிகள் அங்கே இன்றும் நடக்கின்றன. அங்கே கடை போடும் வியாபாரிகள் பெரும்பாலும் முழுசாக முடித்த என்ஜினை விற்பதில்லை. வார்ப்பாக இருக்கும் சிலிண்டர், வார்ப்புச் சக்கரம், பித்தளைக் கம்பி, செம்புத் தகடு, நுண்ணிய திருகு, வரைபடம் என்று பாதி வேலையாக விற்பார்கள். கடைந்து, துளைபோட்டு, அரம் போட்டு, பொருத்தி ஓட்டுவது வாங்கியவர் பாடு. பொருளோடு வேலையையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் அதன் அழகு.

நமக்கு அப்படிப்பட்ட கடைகள் இல்லை என்று குறைப்பட வேண்டாம். பழைய இரும்புக் கடையும், லேத் பட்டறையும், காயில் கட்டுகிற கடையும் கம்பத்திலும் தேனியிலும் சின்னமனூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கோவையிலேயே ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டித்தானே இயந்திரம் கற்றார்! அவிநாசி சாலையில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்கு அடுத்த முறை கட்டாயம் போய்வா. ஸ்டாலில் உன் கைக்காசில் ஏதாவது வாங்கத் தோன்றினால் நல்ல வெர்னியர் ஒன்று வாங்கு. அளவு தெரியாதவர்களுக்கு எத்தனை இயந்திரம் இருந்தும் பலனில்லை.

கண்காட்சி அன்று நீ உன் மாதிரிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. உன்னைத் தாண்டி, உன்னோடு நிற்கும் பையனிடம் கேள்வி கேட்கிறவர்கள் வருவார்கள். வருத்தப்படாதே, ஒதுங்கியும் நிற்காதே. "இதை நான் சொல்கிறேன், ஐயா" என்று நோட்டைத் திறந்து அளவைச் சொல். அளந்தவர் பேச்சுக்கு மரியாதை தானாக வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க விடு. உடைந்தால் மறுபடி திருகிக்கொள்ளலாம். எது இன்னும் சரியாக ஓடவில்லையோ அதையும் மறைக்காமல் சொல். ஒரு விவசாயியோ பட்டறைக்காரரோ சரியான வழியை உனக்கே சொல்லிவிட்டுப் போவார்.

இன்னும் கொஞ்சம் தூரம் யோசி. அத்தனை ஸ்டால்களில் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு என்று செய்த இயந்திரம் எத்தனை பார்த்தாய்? பன்னீர் திராட்சைக்குக் கம்பத்தின் பெயரில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க அண்ணாந்து கவாத்து செய்கிறவர்களின் கழுத்து வலிக்கு என்ன கருவி இருக்கிறது? போடியில் ஏலக்காயைச் சலித்து அளவு பிரிக்கிற பெண்களுக்கு, தூசி பறக்காத, கையால் சுற்றக்கூடிய மலிவான சல்லடை யார் செய்து கொடுப்பது? வாழைத்தாரைத் தோளில் சுமந்து வரப்பில் நடக்கிறவருக்கு? பெரிய கம்பெனிக்கு இது சின்னச் சந்தை, அதனால் வராது. இங்கே பிறந்து இங்கே படிக்கிற நீதான் செய்ய வேண்டும். இன்றைய சக்கரத்தை ஒழுங்காகச் செய்தால் நாளைக்கு அந்தச் சல்லடையைச் செய்யக் கை வரும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தோழிகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. தெரிந்த பட்டறையில் பேசி வைத்திருக்கிறேன். மூக்கை நீயே கடைய வேண்டும், அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். வரும்போது டேங்கின் உயரத்தை டேப் வைத்து அளந்து, குழாய்க்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வா. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொள், கையில் வளையல் வேண்டாம், லேத் பக்கம் கவனம் முக்கியம். அம்மாவையும் தம்பியையும் கேட்டதாகச் சொல். நீ நன்றாக வருவாய், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

என்றும் அன்புடன்,
உன் பெரியப்பா