சந்தாப் பட்டியலில் வந்த பிழை: எக்செல் பாடம்

சென்ற வருடப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஒழுங்காகச் சந்தா கட்டும் ஓர் ஆச்சிக்கு, "சந்தா பாக்கி, வாக்களிக்க முடியாது" என்று கடிதம் போய்விட்டது. பற்றுச்சீட்டோடு வந்து நின்றார். அதே பட்டியலில், 25 பவுண் மட்டும் கட்டிய ஒரு குடும்பத்துக்கு வாக்கு உண்டு என்றிருந்தது. பட்டியலைத் தயாரித்தவன் நான். வேறு சங்கங்களிலும் கணக்கு எழுதும் அன்பர்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எமது சந்தா குடும்பத்துக்கு 60 பவுண், மூத்தோருக்கு 30. பி நிரலில் அங்கத்தவர் வகை, சி நிரலில் கட்டிய தொகை. டி நிரலில் நான் எழுதியது இது (பெயர்களை நீங்கள் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்):

=இஃப்(சி2>=இஃப்(பி2="மூத்தோர்",30,60),"உண்டு","பாக்கி")

சூத்திரத்தில் பிழை இல்லை. அதைத்தான் ஒரு மணித்தியாலம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்! பிழை கட்டங்களுக்குள் இருந்தது.

25 கட்டியவரின் கட்டத்தில் யாரோ "25 பவுண்" என்று எழுத்தோடு அடித்திருந்தார்கள். எழுத்துச் சேர்ந்தால் எக்செல்லுக்கு அது எண் அல்ல, சொல். ஒப்பிடும்போது எந்தச் சொல்லையும் எந்த எண்ணையும் விடப் பெரியதாகவே அது எடுத்துக்கொள்ளும். ஆகவே "25 பவுண்" 60ஐ விடப் பெரிது! கூட்டுத்தொகை எடுக்கும் சம் இத்தகைய கட்டங்களைச் சத்தமின்றி விட்டுவிடும். வங்கிப் புத்தகத்தோடு தொகை ஒத்துவராதபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு அடையாளம், நீங்கள் மாற்றாத வரையில் எண் வலப்பக்கமும் சொல் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். பவுண் குறி வேண்டுமானால் கட்டத்தின் வடிவமைப்பில் போடுங்கள், கையால் அடிக்காதீர்கள்.

ஆச்சியின் கதை வேறு. "மூத்தோர்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. எக்செல்லுக்கோ அது வேறு சொல், எனவே அவரிடம் 60 கேட்டது. சூத்திரத்தில் பி2="மூத்தோர்" என்ற துண்டை மட்டும் தெரிவு செய்து எஃப்9 விசையை அழுத்தினேன். பொய் என்று வந்தது. (பார்த்தபின் எஸ்கேப் அழுத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சூத்திரமே மாறிவிடும்.) லென் கொண்டு நீளத்தையும் அளக்கலாம். ஆனால் தமிழில் அது நாம் எண்ணும் எழுத்தைச் சொல்லாது. நான்கெழுத்து "மூத்தோர்" அதற்கு 8, ஏனெனில் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். ஆச்சியின் வரியில் 9 வந்தது.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் சூத்திரம்:

=இஃப்(இஸ்நம்பர்(சி2),இஃப்(சி2>=இஃப்(ட்ரிம்(பி2)="மூத்தோர்",30,60),"உண்டு","பாக்கி"),"சரிபார்")

ட்ரிம் ஓர இடைவெளிகளை நீக்கும். தொகை எண்ணாக இல்லாவிட்டால் "சரிபார்" என்று வரும். வெறும் கட்டத்துக்கும் அப்படியே வரும் என்பதால், ஒன்றும் கட்டாதவருக்கு 0 போடுகிறோம். "சரிபார்" ஒன்றாவது இருக்கும் வரையில் கடிதங்கள் அச்சுக்குப் போவதில்லை. ஆச்சியிடம் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்தார், கடிதத்தையும் திருப்பித் தந்தார்.