காயின் உங்களுடையது, சாவி யாருடையது?

ஏலச்சீட்டு, நகை, ஊர்ப்பக்கம் ஒரு மனைக்கு முன்பணம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளில் வாங்கும் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பது முன்பெல்லாம் இந்த மூன்று வழிகளில்தான் போகும். இப்போது நான்காவதாக ஒரு வழி திறந்திருக்கிறது. மண்ணூரிலும் வளர்புரத்திலும் ஒரே அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் போகிறவர்களின் போனில் கிரிப்டோ காயின் ஆப் இருப்பது இன்று அதிசயம் இல்லை. போடுகிற தொகை சிறிதுதான். ஆனால் அது ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த தொகை. அதனால்தான் இதைப் பற்றி வாய்வழியாகப் பரவும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான பிட்காயின் அறிக்கை, நடுவில் எந்த நிறுவனத்தையும் நம்பத் தேவையில்லாத பணப் பரிமாற்றத்தைப் பற்றிப் பேசியது. அந்த வாக்குறுதியில் பெரும்பகுதி பிட்காயினின் தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை உண்மை. நம் போனில் இருக்கும் ஆப்பைப் பொறுத்தவரை அது உண்மை அல்ல. கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

நம்பிக்கை: “ஆப்பில் என் பெயரில் காயின் காட்டுகிறது. அப்படியானால் அது என்னிடம் இருக்கிறது.”

ஆப்பில் தெரிவது எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் தன் கணக்கேட்டில் உங்கள் பெயருக்கு நேராக எழுதி வைத்திருக்கும் எண். காயினை நகர்த்தும் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. உங்களுடையதையும் இன்னும் லட்சக்கணக்கானவர்களுடையதையும் அது ஒன்றாகச் சேர்த்து, சில பெரிய வாலட்டுகளில் வைத்திருக்கும்.

2024 ஜூலை 18 அன்று இது எல்லோருக்கும் புரிந்தது. இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான வசிர்எக்ஸின் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் ஒரே நாளில் வெளியேறின. நிறுவனத்தின் வசம் இருந்ததில் இது ஏறத்தாழ 45 சதவீதம்.

அந்த வாலட்டில் பூட்டு இல்லாமல் இல்லை. ஆறு பேர் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றிருந்தார்கள். ஐந்து பேர் வசிர்எக்ஸ் தரப்பு, ஒருவர் லிமினல் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தரப்பு. வசிர்எக்ஸில் மூன்று பேர் ஒப்புதல் தந்து, கடைசியாக லிமினலும் ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும். வசிர்எக்ஸ் ஆட்கள் லெட்ஜர் என்ற தனிச் சாவிக் கருவியை வைத்தே கையெழுத்திட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் போனது எப்படி? திரையில் தெரிந்தது வழக்கமான பரிவர்த்தனை, கையெழுத்து விழுந்ததோ வேறொன்றில் என்று வசிர்எக்ஸ் சொன்னது. அந்தக் கையெழுத்துகள் வாலட்டின் கட்டுப்பாட்டையே திருடர்களிடம் ஒப்படைத்துவிட்டன. எங்கள் அமைப்பில் ஓட்டை விழவில்லை என்று லிமினல் மறுத்தது. இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று கை காட்டிக்கொண்டிருந்தபோது பயனாளிகளின் கணக்கு முடக்கப்பட்டுக் கிடந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை இந்தத் திருட்டை வட கொரியாவோடு தொடர்புபடுத்தியது.

இந்த நிறுவனம் யாருடையது என்பதே இதற்கு முன்பு ஒருமுறை சிக்கலாகியிருந்தது. வசிர்எக்ஸை வாங்கிவிட்டதாக 2019 நவம்பரில் பைனான்ஸ் என்ற உலகளாவிய எக்ஸ்சேஞ்ச் அறிவித்தது. அந்தப் பெயரை நம்பிச் சேர்ந்தவர்கள் ஏராளம். 2022 ஆகஸ்டில் அமலாக்கத்துறை வசிர்எக்ஸின் 64.67 கோடி ரூபாயை முடக்கியதும், அந்தக் கொள்முதல் நிறைவடையவே இல்லை என்றார் பைனான்ஸ் நிறுவனர் சாங்பெங் சாவ். நிறைவடைந்தது என்றார் வசிர்எக்ஸ் நிறுவனர் நிச்சல் ஷெட்டி. பணம் போட்டவர்கள் இதைப் பொதுவெளியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதலாளி யார் என்று கேட்டால் பதில் வராத இடத்தில் சம்பளத்தை வைப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

சாவி உங்களிடமே இருக்கும் வாலட்டும் உண்டு. அதைத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வரும். அவைதான் சாவி. தாளில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டாலோ போன் தொலையும் அன்று காயினும் தொலையலாம். தாள் தொலைந்தால் மீட்டுத்தர யாரும் இல்லை. அந்தச் சொற்களை ‘கஸ்டமர் கேர்’ என்று யார் கேட்டாலும் அவர் திருடர்தான். இதில் விதிவிலக்கே கிடையாது.

நம்பிக்கை: “இதற்கெல்லாம் இந்தியாவில் சட்டமே கிடையாது. போனால் போனதுதான்.”

கிரிப்டோவுக்கென்று முழுமையான தனிச்சட்டம் நம்மிடம் இல்லை என்பது சரி. அதற்காக நீதிமன்றக் கதவு மூடியிருக்கிறது என்று நினைப்பது தவறு. அதைத் திறந்து காட்டிய வழக்கு நம் சென்னையில் நடந்தது.

2024 ஜனவரியில் ஒரு பெண் வசிர்எக்ஸில் 1,98,516 ரூபாய் கொடுத்து 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின் வாங்கினார். ஆறு மாதத்தில் திருட்டு நடந்தது. திருடு போனவை ஈத்தரியம் வலையில் ஓடும் ஈஆர்சி-20 வகை டோக்கன்கள். எக்ஸ்ஆர்பி அந்த வகை அல்ல. ஆனாலும் அவருடைய கணக்கும் முடங்கியது. வசிர்எக்ஸின் சிங்கப்பூர்த் தாய் நிறுவனம், நஷ்டத்தை எல்லாப் பயனாளிகளுக்கும் பங்கிடும் ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தை அந்த நாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

அடகு வைத்த இடத்தில் திருட்டு நடந்து பக்கத்து வீட்டுக்காரரின் சங்கிலி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்ட உங்கள் வளையலில் ஒரு துண்டை வெட்டுவார்களா? அந்தப் பெண்ணின் கேள்வி அதுதான்.

2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதில் தீர்ப்பளித்தார். கிரிப்டோ கரன்சி செலாவணி அல்ல, தொட்டுப் பார்க்கும் பொருளும் அல்ல. ஆனாலும் அது சொத்து. ஒருவர் அனுபவிக்கக்கூடியது, வேறொருவர் அவருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கக்கூடியது. வருமான வரிச் சட்டம் ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’ என்று ஏற்கெனவே வரையறுத்திருப்பதையும், நியூசிலாந்தில் திவாலான கிரிப்டோபியா எக்ஸ்சேஞ்ச் வழக்கில் அந்நாட்டு நீதிமன்றம் 2020இல் எடுத்த நிலைப்பாட்டையும் அவர் கணக்கில் கொண்டார். வழக்கு சிங்கப்பூரில்தான் நடக்க வேண்டும் என்ற வாதம் எடுபடவில்லை. பணம் சென்னையில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது, கணக்கை இயக்கியதும் இந்தியாவிலிருந்து. வசிர்எக்ஸை இந்தியாவில் நடத்தும் சன்மாய் லேப்ஸ் 9.56 லட்ச ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்றார்.

இந்த உத்தரவின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அது நடுவர் மன்றம் முடிவெடுக்கும்வரை கொடுத்த இடைக்காலப் பாதுகாப்பு. வழக்குப் போட்ட ஒருவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடாது. ஆனால் ‘சொத்து’ என்ற அந்த அங்கீகாரம் பெரிய விஷயம். சொத்து என்றால் வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்கலாம்.

நம்பிக்கை: “அரசு வரி வாங்குகிறதே, அப்படியென்றால் அனுமதித்துவிட்டது.”

இல்லை. லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரல் 1 முதலும், விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் 2022 ஜூலை 1 முதலும் வந்தன. வரி போடுவதால் இதைச் சட்டபூர்வமாக்கியதாக ஆகாது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022 பிப்ரவரியில் மாநிலங்களவையிலேயே சொல்லிவிட்டார். வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களோடு தொடர்பு வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாங்குவது குற்றமில்லை, ஆனால் கடனுக்கு ஈடாக இதை வாங்கிக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. மொத்தத்தில் நஷ்டப்பட்டவரும் வரி கட்ட நேரலாம்.

ரிசர்வ் வங்கியின் இ-ரூபாயும் கிரிப்டோவும் ஒன்று என்பதும் பிழை. 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான சோதனை தொடங்கிய இ-ரூபாய், ரிசர்வ் வங்கி பொறுப்பேற்கும் நம் ரூபாய்தான்.

நம்பிக்கை: “இதில் பெயர் இல்லை. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது.”

பிட்காயினில் பெயர் இல்லை, உண்மை. மற்ற எல்லாமே இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எந்த நிமிடம் என்பது 2009 ஜனவரி 3 அன்று உருவான முதல் தொகுதியிலிருந்து இன்றுவரை, பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. உங்கள் முகவரியை ஒரு முறை ஒருவருக்குக் கொடுத்தால் போதும். அடுத்து அதில் வருவதையும் போவதையும் அவர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ‘லாபம் பாரு’ என்று குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 1,20,000 பிட்காயின்கள் திருடு போயின. பல முகவரிகளுக்கு மாற்றி மாற்றி அனுப்பியும் தடம் அழியவில்லை. ஐந்தரை ஆண்டு கழித்து, 2022 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு தம்பதி கைதானார்கள், 94,000க்கு மேற்பட்ட பிட்காயின்கள் பறிமுதலாயின. மொனேரோ போன்ற காயின்கள் அனுப்புபவர், பெறுபவர், தொகை மூன்றையும் மறைக்கும்படி கட்டப்பட்டவை. ஆனால் பெரிய எக்ஸ்சேஞ்சுகள் அவற்றை ஒதுக்குகின்றன. பைனான்ஸ் 2024 பிப்ரவரியில் மொனேரோவை நீக்கியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023 மார்ச் 7 முதல் எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும், உங்கள் பான், ஆதார், செல்ஃபி எல்லாம் வாங்க வேண்டும். பதிவு செய்யாமல் இயங்கியதற்காக பைனான்ஸுக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. நியாயமான விதிதான். ஆனால் சேர்த்து வைத்த அந்தக் கோப்பு கசிந்தால்? 2025 மே மாதம் அமெரிக்காவின் காயின்பேஸ், வெளிநாட்டில் இருந்த தன் வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு விவரங்களை விற்றுவிட்டதாக அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 69,461 பேர். வாலட் உடையவில்லை, பெயரும் முகவரியும் அடையாள அட்டைப் படமும் போயின. அவற்றை வைத்து ‘கம்பெனியிலிருந்து பேசுகிறோம்’ என்று போன் செய்வது சுலபம். பதிவு பெற்ற நிறுவனத்துக்கே இந்தக் கதி. ஒரு குரூப் அட்மினுக்கு ஆதார் போட்டோ அனுப்புவதைப் பற்றி என்ன சொல்ல?

நம்பிக்கை: “யுஎஸ்டிடி டாலர்தான். நேருக்கு நேர் விற்றால் வம்பில்லை.”

யுஎஸ்டிடி என்பது டெதர் என்ற தனியார் நிறுவனம் வெளியிடும் டோக்கன். கையிருப்பைப் பற்றித் தவறான தகவல் சொன்னதற்காக 2021 அக்டோபரில் அமெரிக்க ஆணையம் ஒன்று அந்நிறுவனத்துக்கு 4.1 கோடி டாலர் அபராதம் விதித்தது. எந்த முகவரியில் உள்ள டோக்கனையும் முடக்கும் அதிகாரம் டெதருக்கு உண்டு. ‘ஒரு டாலருக்குச் சமம்’ என்று சொல்லிக்கொண்ட வேறொரு காயினான டெர்ரா யுஎஸ்டி 2022 மே மாதம் சில நாட்களிலேயே சரிந்தது.

இங்குள்ள தொழிலாளர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி-டு-பி விற்பனை. நடப்பது இப்படித்தான். 200 யுஎஸ்டிடி விற்க முன்வருகிறீர்கள். சந்தை விலையைவிட இரண்டு ரூபாய் கூடத் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். பணம் கணக்கில் விழுகிறது, அனுப்பியவர் பெயர் மட்டும் வேறு. ‘அண்ணன் கணக்கு’ என்கிறார். டோக்கனை அனுப்பிவிடுகிறீர்கள். சில நாள் கழித்து ஏடிஎம்மில் சம்பளத்தை எடுக்கப் போனால் வரவில்லை. வங்கியில் கேட்டால், எங்கோ வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லிக் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்கிறார்கள். உங்களுக்கு வந்தது யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம். திருடர் அதை உங்கள் கணக்கில் இறக்கி, டோக்கனாக மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட இரண்டு ரூபாய் தந்ததன் காரணம் அதுதான்.

இப்படி மாட்டியவர்கள் அலைந்து சோர்ந்து விட்டுவிட வேண்டியதில்லை. முழுக் கணக்கையும் முடக்கிய ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை இயக்க 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. முடக்கச் சொன்ன காவல் நிலையம் எது, புகார் எண் என்ன, எவ்வளவு தொகை சம்பந்தப்பட்டது என்ற மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து காயின் வியாபாரம் செய்யவே வேண்டாம்.

நம்பிக்கை: “காயின் என்று பெயர் இருந்தால் பின்னால் பிளாக்செயின் இருக்கும்.”

ஒன்காயினுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. 2014இல் பல்கேரியாவில் தொடங்கி, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று உலகம் முழுக்க 400 கோடி டாலருக்கு மேல் சுருட்டியது. 2017 ஏப்ரலில் நவி மும்பையில் அதன் கூட்டம் ஒன்றிலேயே போலீஸ் புகுந்து கைது செய்தது. தலைவி ரூஜா இக்னாடோவா அதே ஆண்டு அக்டோபரில் தலைமறைவானார். ஆள் சேர்க்கச் சொன்னால் அதன் பெயர் என்னவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் முதல் வேலை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைப்பது. வெட்கப்பட்டு ஒரு வாரம் கழித்து அழைத்தால் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போயிருக்கும், அன்றே அழைத்தால் நடுவில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கிப் பரிவர்த்தனை எண், காயின் அனுப்பிய முகவரி, அந்தப் பரிவர்த்தனையின் நீண்ட அடையாளக் குறியீடு, பேசியவரின் எண், அவர் அனுப்பிய செய்திகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். குரூப்பிலிருந்து வெளியேறுவதற்கு முன்பே அவற்றைப் படம் எடுத்துவிடுங்கள். அட்மின் உங்களை நீக்கிவிட்டால் அவை திரும்பக் கிடைக்காது.